‘படம் எப்படி?’ – என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்ததும் அலுவலகத்தில் ஆரம்பித்துவிடும். “அக்கா, இந்த வாரம் எதுக்குப் போகலாம்?” கணக்குப் பிரிவில் இருப்பவளிடம் வரிச் சந்தேகம் கேட்பார்கள் என்று பார்த்தால், எல்லோருக்கும் படச் சந்தேகம்தான். சாயங்காலம் மன்னார்குடியிலிருந்து தம்பி, ஓசூரிலிருந்து நாத்தனார், கீழ்வீட்டு மாமி. ஒரே பதிலை நாலு பேருக்கு நாலு விதமாகச் சொல்லி அலுத்துப்போனதால் மொத்தமாக எழுதி வைக்கிறேன். இனி கேட்பவர்களுக்கு இதைக் காட்டிவிடுவேன்.

நீங்கள் என்ன பெரிய விமர்சகரா?

இல்லை. 2003ல் கல்யாணமாகி பெங்களூரு வந்தவள். வீடு ஜீவன்பீமா நகரில். கேமரா கோணம், ஒளிப்பதிவு பற்றியெல்லாம் எனக்கு ஒன்றும் தெரியாது. ‘எடிட்டிங் பிரமாதம்’ என்று யாராவது சொன்னால் தலையாட்டி வைப்பேன். காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, வண்டி நிறுத்த இடம் தேடி அலைந்து, இடைவேளையில் பாத்ரூம் வரிசையில் நின்று பார்க்கிறவள் நான். அந்த எரிச்சலும் என் கருத்தில் சேர்ந்தே இருக்கும்.

இன்னொன்றும் சேர்ந்திருக்கும். ஊரை விட்டு வந்தவளின் ஏக்கம். அதை நானே முழுதாக நம்புவதில்லை. காரணத்தை மெய்யழகன் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

மாதத்துக்கு எத்தனை படம்?

தியேட்டரில் ஒன்று. பள்ளிக்கூட லீவில் இரண்டு. மற்றதெல்லாம் வீட்டில், துணி மடித்துக்கொண்டே.

ஒரு படத்துக்கு எவ்வளவு செலவாகிறது?

தம்பியிடம் சொன்னால் நம்ப மாட்டான். தமிழ்நாட்டில் அரசு உச்சவரம்பு வைத்திருப்பதால் மல்டிபிளக்ஸிலேயே டிக்கெட் 190 ரூபாயை ஒட்டித்தான். இங்கே கேட்பார் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று டிக்கெட் ஆயிரத்து இருநூறு வரை போயிருக்கிறது. பாப்கார்ன் விலையைக் கேட்டுவிட்டு, “பசிக்கலை” என்று பையனே சொல்லிவிடுவான். 2025 ஆகஸ்டில் கூலி வந்தபோது சில அரங்குகளில் ஒரே டிக்கெட் ஆயிரத்தைத் தாண்டியது. எங்கள் அலுவலகப் பெண் ஒருத்தி முதல் நாளே அப்படி வாங்கிப் போய்விட்டு, படம் எப்படி என்று கேட்டபோது, “நல்லாத்தான் இருக்கணும்” என்றாள்.

அடுத்த மாதமே கர்நாடக அரசு, வரி நீங்கலாக 200 ரூபாய்க்கு மேல் கூடாது என்று விதி கொண்டுவந்தது. எங்கள் வீட்டில் கொண்டாட்டம்தான். அந்த மாதம் முடிவதற்குள் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டுவிட்டது.

நாலு வாரம் பொறுத்தால் ஓடிடியிலேயே வந்துவிடுமே?

வரும். பெரும்பாலான தமிழ்ப் படங்கள் நாலு வாரத்தில் வீட்டுக்கு வந்துவிடுகின்றன. அதனால் எங்கள் வீட்டில் ஒரு கணக்கு உண்டு. நாலு பேர் உட்கார்ந்து பேசும் படமென்றால் காத்திருப்போம். கூட்டத்தோடு சிரிக்க வேண்டிய படம், விசில் படம், இருட்டில் உட்கார்ந்தால்தான் காது கொடுத்துக் கேட்போம் என்ற படம், இந்த மூன்றும் தியேட்டருக்கு. கடைசி வகையை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. கொட்டுக்காளியை வீட்டில் போட்டிருந்தால் பத்தாவது நிமிஷம் நான் குக்கரை அணைக்கப் போயிருப்பேன்.

மெய்யழகன் உங்கள் ஊர்ப் பக்கம் என்பதால்தானே உங்களுக்குப் பிடித்தது?

இதைக் கேட்காதவர்களே இல்லை. நியாயமான கேள்விதான். கதை நடப்பது நீடாமங்கலத்தில். எங்கள் ஊர் மன்னார்குடியிலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம்.

கதை இவ்வளவுதான். தஞ்சாவூர் வீடு சொந்தக்காரர்கள் தகராறில் கைவிட்டுப் போக, அருள்மொழி குடும்பம் சென்னைக்குப் போய்விடுகிறது. இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தங்கை கல்யாணத்துக்கு அவர் திரும்ப வருகிறார். அங்கே ஒருவர் ‘அத்தான், அத்தான்’ என்று உருகி உருகிக் கவனிக்கிறார். அவர் பேர் அருளுக்கு ஞாபகமே இல்லை. கேட்கவும் கூச்சம். அருளாக அரவிந்த்சாமி, அத்தான் என்று உருகுபவராகக் கார்த்தி, ஒரு ராத்திரி.

எங்கள் வீடு 2009ல் விற்றாயிற்று. அப்பா போனபிறகு சித்தப்பாக்கள் பாகம் கேட்டார்கள். வாங்கியவர் திண்ணையை இடித்துவிட்டு மருந்துக்கடை வைத்தார். அதனால் படம் தொடங்கி அவர்கள் வீட்டைக் காலி செய்யும்போதே எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. அந்தக் கண்ணீர் படத்துக்கா, எங்கள் திண்ணைக்கா? எனக்கே சொல்லத் தெரியவில்லை. ஊரை விட்டு வந்தவர்களை அழவைப்பது ரொம்பச் சுலபம். ஒரு டவுன் பஸ், ஒரு வாய்க்கால், பின்னணியில் இளையராஜா பாட்டு ஒன்று, போதும். இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு சுமாரான படம் எடுத்தவர்கள் எத்தனை பேர்! எல்லாவற்றுக்கும் அழுதிருக்கிறேன், வெட்கத்தோடு சொல்கிறேன்.

அதனால் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். எங்கள் பையன். பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். மன்னார்குடி என்றால் அவனுக்குப் பத்து நாள் லீவும் கொசுக்கடியும். ஊர் ஏக்கத்தை மட்டும் காட்டிப் பிழைக்கிற படமென்றால் அவன் இடைவேளைக்கு முன்பே போனை எடுத்துவிடுவான். மெய்யழகனில் எடுக்கவில்லை. வெளியே வந்ததும், “பேர் தெரியாமலே அந்த அங்கிள் எப்படிம்மா சமாளிக்கிறார்? உங்க சொந்தக்காரங்ககிட்ட நானும் இதைத்தான் செய்யறேன்” என்றான்.

அப்போதுதான் எனக்குத் தெளிவானது. அது மண்வாசனைப் படம் இல்லை. நம்மேல் உயிரையே வைத்திருக்கிற ஒருவரை நாம் மறந்தே போயிருக்கிறோம் என்ற வெட்கம்தான் அந்தப் படம். அது நீடாமங்கலத்திலும் நடக்கும், ஜீவன்பீமா நகரிலும் நடக்கும். மணமேடையில் அண்ணன் தங்கைக்குக் கொலுசு போட்டுவிடும் இடத்தில் எனக்கு வலப்பக்கம் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் போனில் யாரிடமோ சுத்தமான கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்.

மெய்யழகனை வெட்டியது நல்லதா, முழுசாக இருந்தது நல்லதா?

வெளியான சில நாளிலேயே சுமார் 18 நிமிஷத்தை எடுத்துவிட்டார்கள். நான் பார்த்தது முழுசு, 177 நிமிஷம். ஜல்லிக்கட்டு, பழைய போர் என்று கார்த்தி பேசிக்கொண்டே போகும் இடத்தில் எனக்கும் நாற்காலி உறுத்தியது. ஆனால் கல்யாண வீட்டில் மாட்டிக்கொண்டால் ஒரு சொந்தக்காரர் அப்படித்தானே பேசுவார்? எழுந்தும் போக முடியாது. உறுத்தினாலும் இருந்திருக்கலாம் என்பது என் கட்சி. வீட்டுக்காரர் வெட்டியது சரி என்கிறார்.

அப்படியானால் 96?

அதுவும் அதே இயக்குநர் பிரேம்குமார், அதே தஞ்சாவூர், அதே இருபத்திரண்டு வருஷம். 2018ல் பார்த்தபோது கரண்ட் போன வீட்டில் கதாநாயகி ஜானு ‘யமுனை ஆற்றிலே’ பாடும் இடத்தில் அரங்கமே மூச்சுவிடவில்லை. ஆனால் மறுநாள் யோசித்தால், இவ்வளவு நல்லவனாக ஒருவன் இருந்தால் எனக்குக் கொஞ்சம் பயம்தான் வரும். கதாநாயகன் ராமுக்கு ஒரு கெட்ட குணமாவது கொடுத்திருக்கலாம். கன்னடத்தில் இது 99 என்ற பேரில் 2019ல் வந்தது. எங்கள் மேலாளர் அதைத்தான் பார்த்திருக்கிறார், அதுதான் மூலம் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்.

கொட்டுக்காளி, வாழை இரண்டில் எதைப் பார்க்கலாம்?

இரண்டும் 2024 ஆகஸ்ட் 23, ஒரே நாளில் வந்தன. ஏன்தான் இப்படிச் செய்கிறார்களோ! ஒன்று இன்னொன்றின் கூட்டத்தைத் தின்றுவிட்டது.

வாழை மாரி செல்வராஜின் சொந்தச் சிறுவயதுக் கதை. பள்ளிக்கூட லீவு நாளில் வாழைத்தார் சுமக்கப் போகவேண்டிய பையன், அவனுக்குப் பிடித்த டீச்சர், ரஜினி கட்சி, கமல் கட்சி என்று அடித்துக்கொள்ளும் சிநேகிதன் என்று முக்கால் படம் சிரிப்பாகவே போகும். கடைசியில் அந்த லாரி. பசியில் துடிக்கும் பையன் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன முடியாத அந்த முடிவு என்னை இரண்டு நாள் விடவில்லை. எங்கள் தெருமுனைப் பழக்கடையில் ஏலக்கி வாழைத்தார் தொங்கும். அதுவரை நான் பார்த்ததெல்லாம் பழம் கனிந்திருக்கிறதா என்று மட்டும்தான். அந்தத் தார் யார் தோளில் ஏறி எந்தச் சேற்றைத் தாண்டி வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

குறை சொல்வதென்றால், அழ வேண்டிய இடத்தை இசை முன்கூட்டியே காட்டிக் கொடுத்துவிடுகிறது. நாமே வந்துசேர்ந்திருப்போம்.

கொட்டுக்காளியில் அந்தத் தொல்லையே கிடையாது, பின்னணி இசையே இல்லை. பெண்ணுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, சாமியாடி ஒருவரிடம் ஆட்டோவில் அழைத்துப் போகிறார்கள். உண்மையில் அவள் வேறு சாதிப் பையனை விரும்புகிறாள், அதுதான் ‘பேய்’. அன்னா பென்னுக்கு வசனமே கிடையாது என்று சொல்லிவிடலாம். சூரிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, சுண்ணாம்பு தடவியிருக்கிறார். அந்தக் கரகரத்த குரலில் கோபம் வெடிக்கும்போது பக்கத்துச் சீட்டுப் பெண் என் கையைப் பிடித்தாள். எனக்கு அவளைத் தெரியாது.

முதல் அரை மணி நேரம் எனக்கு அலுப்புத்தான், மறைக்க வேண்டியதில்லை. ஆட்டோ போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் வழியை மறித்து ஒரு காளை நிற்கிறது. அத்தனை மீசைக்காரர்களும் கையைப் பிசைகிறார்கள். ஒரு சின்னப் பெண் வந்து கயிற்றைப் பிடித்துச் சாதாரணமாகக் கூட்டிப்போகிறாள். தியேட்டரில் மொத்தம் பதினைந்து பேர் இருந்திருப்போம். எல்லோரும் சிரித்தோம். முடிவை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். விளக்கு போட்டதும், “அவ்வளவுதானா?” என்று இந்தியில் ஒரு குரல், “அந்தேனா?” என்று தெலுங்கில் ஒரு குரல்.

எதைப் பார்க்கலாம் என்றால், மனசு தெம்பாக இருக்கும் நாளில் வாழை. பொறுமை இருக்கும் நாளில் கொட்டுக்காளி. ஒன்றுதான் முடியும் என்றால் கொட்டுக்காளி. அதில் என்னை அழவைக்க யாரும் முயற்சி செய்யவில்லை.

வயதானவர்களுக்குக் காட்ட நல்ல படம் எது?

கடைசி விவசாயி, 2022. மணிகண்டன் இயக்கியது. மாயாண்டியாக வருகிற நல்லாண்டி நடிகரே அல்ல, நிஜ விவசாயி. படம் வெளிவருவதைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்தார். பிறகு தேசிய விருதுக் குழு அவரைத் தனியாகக் குறிப்பிட்டது. கதையில், செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்ததற்காக மாயாண்டியைப் பிடித்து உள்ளே வைக்கிறார்கள். அவர் கவலையெல்லாம் வயலில் தண்ணீர் இல்லாமல் பயிர் வாடுமே என்பதுதான். கடைசியில் போலீஸ்காரர் போய்த் தண்ணீர் பாய்ச்ச வேண்டியிருக்கிறது.

என் மாமியாருக்கு 78 வயது. ஸ்ரீராமபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவர், வயலில் கால் வைத்ததில்லை. அவர் சொன்னது: “அவருக்குக் காது கேக்கலைன்னு எல்லாரும் நினைக்கறாங்க. கேக்க வேண்டியது கேக்குது.”

இதோடு சேர்த்துத் திதி என்ற கன்னடப் படத்தையும் பார்க்கச் சொல்வேன். ராம் ரெட்டி எடுத்தது, 2016ல் இங்கே வந்தது. மண்டியா பக்கத்துக் கிராமம். 101 வயதுத் தாத்தா இறந்துபோக, பதினோராம் நாள் காரியத்துக்குள் மகன், பேரன், கொள்ளுப்பேரன் அடிக்கும் கூத்து. அதிலும் யாரும் தொழில்முறை நடிகர்கள் அல்ல. ஒரே ஆற்றுத் தண்ணீருக்குச் சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு பக்கத்துக் கிழவர்களும் ஒரே மாதிரி பிடிவாதக்காரர்களாக இருப்பதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது.

ரஜினி படத்துக்கு முதல் நாள் போனதுண்டா?

ஜெயிலருக்கு, 2023 ஆகஸ்ட் 10. அவர் இந்த ஊரில் பஸ் கண்டக்டராக இருந்தவர் அல்லவா, அதனால் இங்கே எல்லோருக்கும் அவர் ‘நம்ம ஆள்’தான். ஆனால் அன்றைக்கு எனக்கு நினைவில் நிற்பது வேறு. கன்னட நடிகர் சிவராஜ்குமார் நரசிம்மாவாக வரும் இடம். மொத்தமே சில நிமிஷம். லால்பாக் சாலை ஊர்வசி தியேட்டரே ஆடியது என்று சொன்னால் மிகையில்லை. தமிழ் ரசிகர்களும் கன்னட ரசிகர்களும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றார்கள், எந்தப் பக்கம் யார் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. படம் சுமாரா, நல்லதா என்று கேட்டால் முதல் பாதி நல்லது, இரண்டாம் பாதி கூட்டத்தோடு பார்த்தால் நல்லது. பிறகு வீட்டில் தனியாகப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன்.

விடியற்காலைக் காட்சிக்குப் போவீர்களா?

ஒரே ஒரு தடவை, லியோவுக்கு. 2023 ஜனவரியில் துணிவு வெளியான அன்று சென்னையில் ரசிகர் ஒருவர் லாரியிலிருந்து விழுந்து இறந்தார். அதன்பிறகு தமிழ்நாட்டில் நள்ளிரவு, அதிகாலைக் காட்சிகளுக்கு அனுமதி கிடைப்பதில்லை. லியோவுக்கு அங்கே முதல் காட்சியே காலை ஒன்பதுக்குத்தான். இங்கே விடிவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டது. அதனால் நாத்தனார் பையன் இரண்டு சிநேகிதர்களோடு ஓசூரிலிருந்து ராத்திரியே வந்து எங்கள் ஹாலில் படுத்துக்கொண்டான். அவர்கள் தூங்கவில்லை, என்னையும் தூங்கவிடவில்லை. சரி, இவ்வளவு ஆனபிறகு நானும் வருகிறேன் என்று கிளம்பிவிட்டேன்.

இடைவேளை வரை படம் பிடித்தது. காபிக்கடை நடத்துகிற ஒருவர் குடும்பத்தைக் காப்பாற்றப் படும் பயம் நிஜமாக இருந்தது. பழைய கதையைச் சொல்ல ஆரம்பித்ததும் எனக்குக் கொட்டாவி. இதை அந்தப் பையன்களிடம் சொல்லியிருக்கக் கூடாது. காலை டிபனுக்கு நான் சுட்ட தோசையைக்கூட முகம் பார்க்காமல் தின்றார்கள்.

லியோவை எடுத்த லோகேஷ் கனகராஜ் படங்களில் எனக்குக் கைதிதான். 2019 தீபாவளிக்கு வந்தது. ஒரு ராத்திரி, பாட்டு இல்லை, கதாநாயகி இல்லை. பத்து வருஷம் ஜெயிலில் இருந்த மனிதன் பிரியாணி தின்னும் காட்சி ஒன்று வரும். எந்தச் சண்டையைவிடவும் எனக்கு அது பெரிது.

சத்தம் தாங்க முடியவில்லை என்கிறார்களே?

என்னாலும் முடியவில்லை. கங்குவா வந்தபோது, சத்தத்தைக் குறைத்து ஓட்டுங்கள் என்று தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொள்ளும் நிலை வந்தது. மாமியார் அதற்கு முன்பிருந்தே காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதான் வருவார்.

சப்டைட்டில் இருக்குமா? தமிழ் தெரியாத நண்பர்களை அழைத்துப் போகலாமா?

மல்டிபிளக்ஸில் தமிழ்ப் படத்துக்குப் பெரும்பாலும் ஆங்கிலச் சப்டைட்டில் இருக்கும். தாராளமாக அழைத்துப் போகலாம். ஒரே ஒரு சிக்கல், நகைச்சுவை. நடிகர் வாயைத் திறக்கும் முன்பே பின்வரிசைக்காரர்கள் எழுத்தைப் படித்துச் சிரித்துவிடுவார்கள். நாம் காதால் கேட்டுச் சிரிக்கும்போது அவர்கள் அடுத்த வரிக்குப் போயிருப்பார்கள். ஒரே ஜோக்குக்கு அரங்கம் இரண்டு தடவை சிரிக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. ‘ஏண்டி’க்கும் ‘என்னம்மா’வுக்கும் சப்டைட்டிலில் ஒரே சொல்தான். திட்டுகிறாளா, கொஞ்சுகிறாளா என்பது அவர்களுக்குப் புரியப்போவதில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்துக்கொண்டிருப்பேன், அதற்கும் திட்டு வாங்கியிருக்கிறேன்.

மலையாளப் படமெல்லாம் புரிகிறதா?

முக்கால்வாசி. மஞ்சும்மல் பாய்ஸ் படத்தில் புரியாத பிரச்சினையே இல்லை. பாதிக் கதை கொடைக்கானலில், பாதி வசனம் தமிழில். 2006ல் நிஜமாக நடந்தது. குணா குகையில் விழுந்த சிநேகிதனை மற்றவர்கள் மீட்கிறார்கள். அவனை மேலே தூக்கி வரும்போது குணா படத்து ‘கண்மணி அன்போடு காதலன்’ பாட்டு. 1991ல் ஒரு காதலுக்காகப் போட்ட பாட்டு, முப்பத்து மூன்று வருஷம் கழித்து நட்புக்காக ஒலிக்கும்போது மலையாளிகள் கைதட்டினார்கள், நாங்கள் கூடவே பாடினோம். பாட்டு நம்முடையது என்ற கர்வம் எனக்கு அன்று கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

கன்னடப் படம் பார்ப்பதுண்டா?

இருபது வருஷத்துக்கு மேல் இந்த ஊர்த் தண்ணீரைக் குடிக்கிறேன், பார்க்காமல் இருப்பேனா? காந்தாரா 2022ல் வந்தபோது போனேன். என் கன்னடம் காய்கறிச் சந்தைக் கன்னடம். கடற்கரைப் பக்கத்துப் பேச்சு பாதி பிடிபடவில்லை. ஆனால் கடைசி இருபது நிமிஷம், அந்தப் பூதக்கோலம், பாஷையே தேவைப்படவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் முனீஸ்வரன் கோயிலில் சாமி வந்து ஆடுபவரைப் பார்த்து வளர்ந்தவள். எனக்கு உடம்பு சிலிர்த்தது. கதாநாயகி விஷயத்தில் மட்டும் குறை உண்டு. ஆரம்பத்தில் அவளிடம் ரிஷப் ஷெட்டியின் பாத்திரம் நடந்துகொள்ளும் விதத்தைப் பார்த்துத் தியேட்டரே சிரித்தது, நான் சிரிக்கவில்லை.

காவிரிப் பிரச்சினை, மொழிப் பிரச்சினை வந்தால் தமிழ்ப் படம் ஓடுமா?

சில சமயம் ஓடாது. கன்னட நடிகர் ராஜ்குமாரை 2000ல் வீரப்பன் கடத்தி வைத்திருந்த 108 நாளைப் பற்றி மாமியார் இன்றும் சொல்வார், தமிழ்ப் படம் போடவே தியேட்டர்கள் அஞ்சின என்று. 2018ல் காலாவுக்குத் தகராறு வந்தது. 2025 ஜூனில் தக் லைஃப். கன்னடம் தமிழிலிருந்து பிறந்தது என்று கமல் பேசியதில் பிரச்சினை கிளம்பி, ஜூன் 5 அன்று இங்கே படம் வரவில்லை. உச்ச நீதிமன்றம் வரை போய், தடுக்கக் கூடாது என்று ஆனபோது பார்க்கிற ஆசையே ஆறிப்போயிருந்தது.

நாங்கள் அதற்கு முன்பே அத்திப்பள்ளி சுங்கச்சாவடி தாண்டி ஓசூர் போய்ப் பார்த்துவிட்டோம். நாத்தனார் வீட்டில் மதியச் சாப்பாடு, பிறகு படம். சாப்பாடு நன்றாக இருந்தது.

எல்லோரும் கொண்டாடிய, உங்களுக்குப் பிடிக்காத படம்?

மகாராஜா. இதைச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். விஜய் சேதுபதியின் ஐம்பதாவது படம், 2024. குப்பைத்தொட்டியைக் காணோம் என்று ஒரு நாவிதர் போலீஸுக்குப் போகிறார். கதையை முன்னும் பின்னும் மாற்றி அடுக்கிய சாமர்த்தியத்துக்கு நானும் கைதட்டினேன். ஆனால் ஒரு பெண் குழந்தைக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்காக மறைத்து வைத்து, சரியான நேரத்தில் எடுத்துக் காட்டியது எனக்கு ஒப்பவில்லை. மந்திரவாதி தொப்பியிலிருந்து முயல் எடுப்பதுபோல எடுக்கிற விஷயமா அது? படம் மோசம் என்று சொல்லவில்லை. இன்னொரு தடவை பார்க்க மாட்டேன், அவ்வளவுதான்.

குடும்பத்தோடு பார்க்க?

லப்பர் பந்து, டூரிஸ்ட் ஃபேமிலி. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

எனக்குக் கிரிக்கெட்டில் நாலு, ஆறு தவிர ஒன்றும் தெரியாது. லப்பர் பந்து பார்க்க அது தேவையுமில்லை. மாமனாராகப் போகிறவருக்கும் மருமகனாகப் போகிறவனுக்கும் மைதானத்தில் ஏற்படும் வீம்பு, நடுவில் மாட்டிக்கொள்ளும் அம்மாவும் பொண்ணும். ஸ்வாசிகா டிராக்டர் ஓட்டிக்கொண்டு வரும்போது மாமியார் பஞ்சை எடுத்துவிட்டுக் கைதட்டினார். விஜயகாந்த் படப் பாட்டான ‘நீ பொட்டு வச்ச தங்கக் குடம்’ வந்ததும் வீட்டுக்காரர் வயது மறந்து விசிலடித்தார்.

டூரிஸ்ட் ஃபேமிலி கொஞ்சம் சர்க்கரை தூக்கல். இலங்கையிலிருந்து படகில் வரும் ஒரு குடும்பம், தாங்கள் யாரென்று மறைத்துக்கொண்டு சென்னையில் ஒரு தெருவில் குடியேறுகிறது. அந்தத் தெருவே அவர்களால் மாறிவிடுகிறது. நிஜத்தில் நடக்குமா? எங்கள் அடுக்குமாடியில் மேல் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எனக்கு ஆறு மாதமாகத் தெரியாது. படம் பார்த்த அடுத்த நாள் போய்க் கதவைத் தட்டினேன். அவர்கள் காலி செய்துகொண்டு போய் ஒரு மாதம் ஆகிறதாம்.

பழைய படங்களைத் திரும்பப் போடுகிறார்களே, போகலாமா?

2004ல் கில்லியைப் புதுப்பெண்ணாக அல்சூர் பக்கம் ஒரு தியேட்டரில் பார்த்தேன். 2024 ஏப்ரலில் திரும்ப வந்தபோது பையனோடு போனேன். ஒவ்வொரு வசனத்தையும் அவன் முன்கூட்டியே சொல்கிறான், எங்கே கற்றான் என்றே தெரியவில்லை. போகலாம். நான் முதலில் படம் பார்த்த இடங்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. பிரிகேட் சாலை ரெக்ஸ் 2018 கடைசியோடு மூடியாயிற்று. படமாவது திரும்ப வரட்டும்.

உங்கள் வீட்டுக்காரர் கருத்தும் இதேதானா?

அவர் இடைவேளைக்குப் பிறகு தூங்கிவிடுவார். சண்டைப் படம், பேய்ப் படம், எதுவானாலும். கோரமங்களாவிலிருந்து வண்டியைக் கிளப்பியதும், “அப்புறம் என்ன ஆச்சு?” என்பார். நான் சொல்ல ஆரம்பிப்பேன். தொம்மலூர் மேம்பாலம் வருவதற்குள் முடித்தாக வேண்டும், அதற்குமேல் அவருக்குப் பொறுமை கிடையாது. பிடிக்காத இடங்களை விட்டுவிடுவேன், பாட்டையெல்லாம் தாண்டிவிடுவேன், சில முடிவுகளைக் கொஞ்சம் மாற்றியும் சொல்லியிருக்கிறேன். லியோவில் பழைய கதையே வராது, எங்கள் வீட்டைப் பொறுத்தவரை. எல்லாம் கேட்டுவிட்டு, “நல்ல படம்தான்” என்பார்.